வேட்பாளரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? ஈஜோக் முதல் கோல குபு பாரு வரை



தேர்தல் என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் பெரும்பாலும் வாக்குச்சாவடியில்தான் தொடங்குகிறார்கள். நீண்ட வரிசை, வாக்குச்சீட்டு, விரலில் மை, பெட்டி, இரவில் முடிவு. எல்லாம் சரிதான். ஆனால் அந்த வாக்குச்சீட்டில் அச்சாகியிருக்கும் இரண்டு மூன்று பெயர்கள் அங்கே எப்படி வந்து சேர்ந்தன? அவர்களை நிறுத்தியது யார்? இந்தக் கேள்வியை மாணவர்கள் கேட்பதில்லை. சொல்லப்போனால் நாமும் அதிகம் கேட்பதில்லை. வாக்காளர் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே இன்னொரு தேர்வு நடந்து முடிந்துவிடுகிறது. அந்த முதல் தேர்வில் தோட்டத்து மக்களுக்கு என்ன இடம் இருந்தது என்பதைக் கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் வட்டாரத்தை வைத்துப் பார்க்கலாம்.

ஏன் இந்த வட்டாரம்? சிலாங்கூர் ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கும் கோல சிலாங்கூரிலிருந்து உள்ளே ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, அங்கிருந்து புக்கிட் தாகார், கோல குபு பாரு என்று போய்ப் பாருங்கள். வழியெல்லாம் பழைய ரப்பர்த் தோட்டங்கள், இப்போது செம்பனை, நடுநடுவே புது வீடமைப்புப் பகுதிகள். துவான் மீ, ராஜா மூசா, சுங்கை ரம்பை, கோல்பீல்ட்ஸ், ஹோப்புல், ரிவர்சைட், மேரி, மின்யாக், நைஜல் கார்ட்னர். இந்தப் பெயர்களில் பலவற்றை இன்றைய பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையில்தான் பார்க்கிறார்கள், தோட்டமாகப் பார்த்ததில்லை. நாடே திரும்பிப் பார்த்த மூன்று இடைத்தேர்தல்கள் இதே வட்டாரத்தில் நடந்தன. 2007இல் ஈஜோக், 2010இல் உலு சிலாங்கூர், 2024இல் கோல குபு பாரு. முதலும் கடைசியும் சட்டமன்றத் தொகுதிகள், நடுவில் உள்ளது நாடாளுமன்றத் தொகுதி.

முதலில் நடைமுறையைத் தெளிவாக்கிக்கொள்வோம். அமெரிக்க மாநிலங்களில் 'பிரைமரி' எனப்படும் முதனிலைத் தேர்தல் உண்டு. ஒரு கட்சியின் சார்பில் யார் நிற்பது என்பதை அந்தக் கட்சியின் ஆதரவாளர்களே வாக்களித்து முடிவு செய்வார்கள். அங்கேயும் ஆதியிலிருந்து அப்படி இருக்கவில்லை. கட்சிப் பெருந்தலைகள் அறைக்குள் உட்கார்ந்து வேட்பாளரை நிறுத்திய காலம் ஒன்று இருந்தது. அதை எதிர்த்துப் போராடியவர்களில் முக்கியமானவர் விஸ்கான்சின் ஆளுநர் ராபர்ட் லா ஃபாலெட். அவருடைய முயற்சியால் வந்த நேரடி முதனிலைத் தேர்தல் சட்டத்தை விஸ்கான்சின் மக்கள் 1904இல் வாக்களித்து ஏற்றுக்கொண்டார்கள். பிறகு அது மாநிலம் மாநிலமாகப் பரவியது.

மலேசியாவில் அப்படி ஒன்று இல்லை. இங்கே தொகுதித் தலைவர்கள் பெயர்களை மேலே அனுப்புவார்கள், மாநிலத் தலைமை பார்க்கும், தேசியத் தலைமை முடிவு செய்யும். கூட்டணியாக இருந்தால் கூட்டணித் தலைமையும் தலையாட்ட வேண்டும். கட்சிச் சின்னத்தைப் பயன்படுத்த அனுமதிக்கும் கடிதம் யார் கையில் கிடைக்கிறதோ அவரே வேட்பாளர். சுயேச்சையாக நிற்க யாருக்கும் தடையில்லை. சட்டமன்றத்துக்கு 5,000 வெள்ளி வைப்புத்தொகை கட்ட வேண்டும். பதிவான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கைப் பெறாவிட்டால் அந்தப் பணம் போய்விடும். சட்டமன்ற வேட்பாளர் பிரசாரத்துக்கு 100,000 வெள்ளி வரை செலவு செய்யலாம் என்று தேர்தல் குற்றச் சட்டம் அனுமதிக்கிறது. மரம் வெட்டி மாதச் சம்பளம் வாங்கும் ஒருவர் இந்த எண்களைப் பார்த்ததும் என்ன நினைப்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்த இடத்தில் மாணவர்கள் வழக்கமாகக் கொண்டுவரும் ஒரு மேற்கோளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தேர்தல் என்றதும் உத்திரமேரூர்க் கல்வெட்டும் குடவோலை முறையும் கட்டுரைக்குள் நுழைந்துவிடும். 'ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழன் தேர்தல் நடத்தினான்' என்று ஒரு வரி. தவறில்லை. பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகள் உண்மையிலேயே அரிய ஆவணங்கள்தான். ஆனால் அவற்றில் வேட்பாளர் தகுதி என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்று படித்துப் பார்த்திருக்கிறோமா? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதக் கல்வி வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்கக் கூடாது. கடைசி விதியைப் படிக்கும்போது கைதட்டத் தோன்றுகிறது. முதல் இரண்டு விதிகளைப் படிக்கும்போது எனக்கு நம்ம தோட்டத்து லயங்கள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. உத்திரமேரூர் ஒரு பிராமணக் குடியிருப்பு. அங்கே நிலம் இல்லாதவன் பெயர் ஓலையில் ஏறாது. மூன்று தலைமுறையாகத் தோட்டத்தில் உழைத்தும் சொந்த மனை இல்லாத ஒருவர் அந்தக் குடத்தின் பக்கமே போயிருக்க முடியாது. மேற்கோள் காட்டும்போது இதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள், கட்டுரையின் தரமே மாறிவிடும்.

சரி, தோட்டத்துக்கு வருவோம்.

தோட்டம் என்பது தனியார் நிலம். இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால் தோட்டத்து அரசியல் பாதி புரிந்துவிடும். வீடு நிர்வாகத்துடையது, சாலை நிர்வாகத்துடையது, தண்ணீர்க்குழாயும் அப்படியே. உள்ளே யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதும் துரையின் கையில். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிச் சிலாங்கூரின் மற்ற தோட்டங்களுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தைப் பற்றிப் படித்திருப்பீர்கள். ஆர்.எச்.நாதன் முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில் சம்பள உயர்வு மட்டும் இல்லை. கள்ளுக்கடையை மூட வேண்டும், துரையின் முன்னால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டிய கட்டாயம் கூடாது, பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், சொந்தபந்தமும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வந்துபோக வேண்டும் என்றெல்லாம் கேட்டார்கள். மாமன் மச்சான் வருவதற்கே போராட வேண்டியிருந்தது என்றால், ஒரு அரசியல்வாதி எப்படி உள்ளே வந்து பேசியிருப்பார்? நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது, படை இறங்கியது, தொழிலாளர்கள் ஐவர் உயிரிழந்தனர்.

போருக்குப் பிறகு 1946இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் பிறந்தது. முதல் தலைவர் ஜான் திவி. 1954இல் தோட்டத் தொழிற்சங்கங்கள் ஒன்றாகி தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆனது, பி.பி.நாராயணன் அதன் முகமாக விளங்கினார். அதற்கு அடுத்த ஆண்டு, 1955 ஜூலை 27இல், முதல் கூட்டரசுத் தேர்தல். படிவம் நான்கு வரலாற்றில் இதைப் படிக்கிறோம்: 52 இடங்கள், கூட்டணிக்கு 51. இந்த எண்ணை எல்லாரும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வையுங்கள். அந்தத் தேர்தலில் பதிவு பெற்ற வாக்காளர்களில் 84 விழுக்காட்டுக்கு மேல் மலாய்க்காரர்கள், சீனர்கள் 11 விழுக்காடு, மீதிச் சிறு பங்கில்தான் இந்தியரும் மற்றவரும். மக்கள்தொகையில் இந்தியர்கள் ஏறக்குறைய 11 விழுக்காடு இருந்த காலம் அது. குடியுரிமை இல்லாததால் பெரும்பாலான தோட்டத்துச் சனங்கள் பட்டியலிலேயே இல்லை. வாக்காளராகவே இல்லாதவர் வேட்பாளரைப் பற்றி என்ன பேசுவது? கூட்டணி இந்தியர்களுக்கு ஒதுக்கிய தொகுதிகள் இரண்டே இரண்டு. மற்ற இனத்து வாக்காளர்களின் தயவில் இந்திய வேட்பாளர் வெல்வது என்ற வழக்கம் அங்கேயே வேர்விட்டுவிட்டது.

1957க்குப் பின் குடியுரிமை விரிந்தது. ஆனாலும் விண்ணப்பம் போடாதவர், பத்திரம் இல்லாதவர், 'எதுக்கு அதெல்லாம்' என்று விட்டவர் ஏராளம். அதன் விலை 1969க்குப் பிறகு தெரிந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்ததும், சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் பல்லாயிரக்கணக்கில் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். சுமார் 60,000 பேர் என்பது வரலாற்று நூல்கள் தரும் கணக்கு. பிரிந்துபோன குடும்பங்களின் கதையை இந்த வட்டாரத்துப் பெரியவர்களிடம் கேட்டால் இன்றைக்கும் சொல்வார்கள்.

இரண்டு நிகழ்ச்சிகளை வேகமாகச் சொல்லிக் கடக்கிறேன். 1965இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அவை இன்றுவரை திரும்பி வரவில்லை. அதனால் சாலைக் குழிக்கும் சாக்கடைக்கும் மக்கள் போய் நிற்க வேண்டிய இடம் சட்டமன்ற உறுப்பினரின் வாசல்தான் என்றாகிவிட்டது. அடுத்தது, 1969 மே 10 தேர்தலில் சிலாங்கூர் சட்டமன்றத்தின் 28 இடங்களில் கூட்டணிக்கு 14, எதிரணிக்கு 14. சரிபாதி. மே 13 பற்றி எழுதும்போது இந்த 14-14 என்ற கணக்கை விட்டுவிடாதீர்கள்.

இனி ஈஜோக். கோல சிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதிக்குள் அடங்கும் சட்டமன்றத் தொகுதி இது. 2007 ஏப்ரல் தொடக்கத்தில் அதன் உறுப்பினரும் மாநில ஆட்சிக்குழு உறுப்பினருமான மஇகாவின் கே.சிவலிங்கம் மாரடைப்பால் காலமானார். ஏப்ரல் 19 வேட்புமனு, ஏப்ரல் 28 வாக்களிப்பு. மலாக்காவில் மாச்சாப் இடைத்தேர்தல் ஏப்ரல் 12இல் முடிந்து, கொடிகளை இறக்கி மடித்த கையோடு கட்சிக்காரர்கள் ஈஜோக்குக்கு வந்து சேர்ந்தார்கள். பதிவு பெற்ற வாக்காளர்கள் 12,272 பேர். பாதிக்குச் சற்று மேல் மலாய்க்காரர்கள், கால்பங்குக்கு மேல் இந்தியர்கள், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சீனர்கள். இந்தியர்களின் பங்கு இவ்வளவு இருக்கும் தொகுதி சிலாங்கூரில் அபூர்வம். மஇகா இதைத் தன் கோட்டையாக நினைத்ததில் வியப்பில்லை.

தேசிய முன்னணி முன்னாள் ஆசிரியர் கே.பார்த்திபனை நிறுத்தியது. வயது நாற்பதுக்குள். நம் தொழிலைச் சேர்ந்தவர் என்பதால் அன்று ஆசிரியர் அறைகளில் இந்தத் தேர்தல் கூடுதலாகப் பேசப்பட்டிருக்கும். எதிரில் மக்கள் நீதிக் கட்சியின் காலிட் இப்ராஹிம். அவர் யார் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1981 செப்டம்பர் 7 காலையில் இலண்டன் பங்குச் சந்தை திறந்ததும், பெர்மோடாலான் நேஷனல் நிறுவனம் சில மணி நேரத்துக்குள் கத்ரி நிறுவனத்தின் பங்குகளை வாங்கிக் குவித்து அதைத் தன் வசமாக்கியது. பிரிட்டிஷ்காரர் கையிலிருந்த பெரும் தோட்டக் கம்பெனி ஒரு காலைப்பொழுதில் மலேசியாவுக்கு வந்தது. அந்தத் திட்டத்தின் மூளையாகப் பேசப்பட்டவர் காலிட். பின்னர் கத்ரியின் தலைமை நிர்வாகியாகவும் இருந்தார்.

ஆக, ஒரு பக்கம் தமிழாசிரியர்கள் தங்களில் ஒருவராகப் பார்க்கக்கூடிய முன்னாள் ஆசிரியர்; மறுபக்கம் தோட்டக் கம்பெனியையே நடத்தியவர். இருவருமே தோட்டத்துக் கதையின் இரு முனைகளிலிருந்து வந்தவர்கள். ஆனால் இருவரையும் நிறுத்தியது ஈஜோக் மக்கள் அல்ல. பார்த்திபனின் பெயரை மஇகா தலைமை முன்வைத்து தேசிய முன்னணி ஏற்றது. காலிட்டை அவர் கட்சியின் தலைமை முடிவு செய்தது. ஈஜோக்கில் இருந்த கட்சிக் கிளை உறுப்பினர்கள்கூட, வாக்களித்து வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கவில்லை. இரு தரப்பையும் ஒரே தராசில்தான் வைக்கிறேன். இதில் கட்சிபேதம் கிடையாது.

ஒன்பது நாள் பிரசாரம். தார் வாசனை வீசாத கம்பம் இல்லை என்று அப்போது கேலியாகப் பேசிக்கொண்டார்கள். சாலை போடப்பட்டது, விளக்கு வந்தது, அமைச்சர்கள் வீடு வீடாக வந்தார்கள். தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு: 'அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவ கை கூப்புறாங்க, ஆள் செத்தா இன்னொரு தடவ கூப்புறாங்க.' கசப்பான பேச்சுதான். ஆனால் இடைத்தேர்தலின் பொருளாதாரத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது. வாக்காளர் பட்டியலில் சந்தேகத்துக்குரிய பெயர்கள் இருப்பதாக எதிரணி குற்றம் சாட்டியது. விரலில் மை வைக்கும் முறை அப்போது இல்லை. அது 2013 பொதுத்தேர்தலில்தான் வந்தது.

முடிவு: பார்த்திபன் 5,884, காலிட் 4,034. பெரும்பான்மை 1,850. வாக்களித்தவர்கள் பத்தில் எட்டுப் பேருக்கு மேல். தோட்டத்து வாக்கு பெருமளவில் பழைய வழியிலேயே தராசுச் சின்னத்துக்குப் போனது என்பதே அன்றைய பொதுக் கணிப்பு. 2004 தேர்தலில் சிலாங்கூரின் 56 இடங்களில் 54ஐ வென்றிருந்த தேசிய முன்னணிக்கு, இந்த ஒரு தொகுதியால் ஆட்சி கூடவும் போவதில்லை, குறையவும் போவதில்லை. அப்படியிருந்தும் இரு தரப்பும் அங்கே அவ்வளவு வியர்வை சிந்தின. வரப்போவதை இருவருமே முகர்ந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

தேர்தல் நடந்த அதே ஆண்டில் ஊரின் பெயரும் மாறியது. பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயர் பெஸ்தாரி ஜெயா ஆனது. பழைய பெயர் கேட்க நன்றாக இல்லை என்று காரணம் சொன்னார்கள். வயதானவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான்.

ஏழு மாதம் கழித்து, 2007 நவம்பர் 25, கோலாலம்பூர் வீதிகளில் இண்ட்ராப் பேரணி. அடுத்த 2008 மார்ச் 8. சிலாங்கூரில் எதிரணி 36 இடங்களை வென்று ஆட்சியைப் பிடித்தது. தேசிய முன்னணிக்கு 20. மஇகாவுக்கு ஓர் இடம்கூட இல்லை. ஈஜோக்கில் 4,034 வாக்கு வாங்கித் தோற்ற காலிட் இப்ராஹிம் அதே ஈஜோக்கில் வென்று மந்திரி பெசார் ஆனார். பதினோரு மாதத்துக்குள் ஒரு தொகுதி இப்படிப் புரண்டதை மாணவர்கள் வெறும் 'அலை' என்று எழுதிவிடுகிறார்கள். அலை என்று எழுதினால் மதிப்பெண் வராது; காரணம் எழுதுங்கள். கோயில் இடிப்பு, தோட்டம் கைமாறி மக்கள் இடம்பெயர்ந்தது, மாற்று வீடு கிடைக்காதது, பேரணிக்குப் பிறகு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஐவர் கைதானது. அந்த ஐவரில் ஒருவரான எம்.மனோகரன், கமுந்திங் தடுப்பு முகாமில் இருந்தபடியே கிள்ளானின் கோத்தா அலாம் ஷா சட்டமன்றத் தொகுதியில் ஜசெக வேட்பாளராக நின்று வென்றார். ஒரு செராமாவில்கூட நேரில் பேச முடியாத வேட்பாளர்! அவரையும் நிறுத்தியது கட்சித் தலைமைதான், ஆனால் அவர் பெயரை முதலில் உச்சரித்தது தெருவில் நின்ற மக்கள். இந்த வேறுபாட்டை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

2010 உலு சிலாங்கூர் இந்தக் கேள்விக்கு இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. 1990 முதல் அங்கே நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மஇகாவின் ஜி.பழனிவேல், 2008இல் வெறும் 198 வாக்குகளில் மக்கள் நீதிக் கட்சியின் சைனால் அபிடின் அகமட்டிடம் தோற்றார். சைனால் 2010 மார்ச்சில் காலமானார். மீண்டும் பழனிவேலையே நிறுத்த வேண்டும் என்று மஇகா தலைமை நின்றது. கூட்டணியின் பெரிய கட்சியோ வேறு முகம் வேண்டும் என்றது. அம்னோவின் தொகுதிக் கிளை இடத்தையே கேட்டது. நாள்கணக்கில் இழுபறி. கடைசியில் வந்தவர் மஇகாவின் தகவல் பிரிவுத் தலைவர் பி.கமலநாதன். ஏப்ரல் 25 வாக்களிப்பில் அவருக்கு 24,997; எதிர்த்து நின்ற முன்னாள் அமைச்சர் சைட் இப்ராஹிமுக்கு 23,272. வேறுபாடு 1,725.

இந்தக் கணக்கைவிட எனக்கு முக்கியமாகப் படுவது முந்திய இழுபறிதான். வாக்காளர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இந்தியர். அவர்களுக்காக என்று சொல்லப்பட்ட ஓர் இடத்துக்கு எந்த இந்தியர் நிற்பது என்ற வாக்குவாதம் கோலாலம்பூரில் நடந்தது. கெர்லிங், களும்பாங், புக்கிட் பெருந்தோங் பக்கத்து மக்கள் மறுநாள் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டார்கள். கமலநாதன் பின்னர் 2013 முதல் 2018 வரை துணைக் கல்வியமைச்சராக இருந்தார். தமிழ்ப்பள்ளி விவகாரங்கள் அவர் மேசைக்கு வந்தன என்பதால் நம் ஆசிரியர்களில் பலருக்கு அவர் அறிமுகமானவர். ஓர் அறைக்குள் நடந்த சமரசம் நம் பள்ளிக்கூடம்வரை வந்து தொட்டது, பாருங்கள்.

இதற்குப் பிந்திய ஆண்டுகளை விரிக்க வேண்டியதில்லை. 2013இலும் 2018இலும் ஈஜோக் மக்கள் நீதிக் கட்சியின் இட்ரிஸ் அகமட்டிடம் இருந்தது. 2014இல் காஜாங்கில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் பதவி விலக, இடைத்தேர்தல் வரவழைக்கப்பட்டது; அதன் தொடர்ச்சியாகக் காலிட் மந்திரி பெசார் பதவியை இழந்தார். 2023 ஆகஸ்டு 12 மாநிலத் தேர்தலில் மஇகா போட்டியிடவே இல்லை. ஒரு காலத்தில் அதன் கோட்டை எனப்பட்ட ஈஜோக்கில் பெரிக்காத்தான் நேஷனல் வென்றது.

ஆசிரியர்கள் இப்பகுதியை வகுப்பில் எடுக்கும்போது ஒன்று செய்து பார்க்கலாம். கட்சி எது என்ற பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு, 'உங்கள் தொகுதிக்கு நீங்களே வேட்பாளர் தகுதி எழுதுங்கள்' என்று கேளுங்கள். உத்திரமேரூர்க்காரர்கள் எழுதியது போலவே ஐந்து விதி. எழுதி முடித்ததும், அந்த விதிப்படி அவர்களுடைய தாத்தா பாட்டி நிற்க முடியுமா என்று கேளுங்கள். எஸ்.பி.எம். மாணவர்கள் இதிலிருந்தே கருத்துவிளக்கக் கட்டுரைக்கு வேண்டிய பொருளை எடுத்துக்கொள்வார்கள். கட்சித் தலைமை வேட்பாளரை நிறுத்துவதற்கும் நியாயம் உண்டு என்பதையும் விவாதத்தில் கொண்டுவர வேண்டும். முதனிலைத் தேர்தல் வைத்தால் பணமும் இனக்கணக்கும் அங்கேயே புகுந்துவிடும், தோட்டத்துக்காரர் எண்ணிக்கையில் குறைந்தவர் என்பதால் அதிலும் தோற்கலாம் என்பது வலுவான எதிர்வாதம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. எண்ணிக்கை குறைவு என்பதற்காக ஒருவரிடம் கேட்காமலே இருப்பது எப்படி நியாயமாகும்? குறைந்தது, பெயர்ப்பட்டியல் மேலே போவதற்கு முன் தொகுதியில் ஒரு பொதுக்கூட்டம் வைத்து முகங்களைக் காட்டலாம்.

கடைசியாக, கோல குபு பாரு. 2013 முதல் அத்தொகுதியின் உறுப்பினராக இருந்த ஜசெகவின் லீ கீ ஹியோங் 2024 மார்ச் 21இல் காலமானார். மே 11இல் இடைத்தேர்தல். வாக்காளர் சுமார் 40,000 பேர். இந்தியர்கள் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. நின்றவர்கள் நால்வர்: ஜசெகவின் பாங் சொக் தாவ், பெரிக்காத்தானின் கைருல் அஸ்ஹாரி, மலேசிய மக்கள் கட்சியின் ஹஃபிசா சைனுடின், சுயேச்சை ஙியாவ் கெ சின். நால்வரில் ஒருவரும் இந்தியர் இல்லை. ஆனால் அந்த இரண்டு வாரமும் நாளிதழ்களில் அதிகம் பேசப்பட்டது இந்தியர் வாக்குதான். வாக்களிக்காமல் இருங்கள் என்றார்கள் சிலர், எதிர்ப்பைக் காட்டுங்கள் என்றார்கள் சிலர், பொறுமையாக இருங்கள் என்றார்கள் வேறு சிலர். பாங் சொக் தாவ் 14,000 வாக்குகள் பெற்று 3,869 பெரும்பான்மையில் வென்றார்.

அந்தப் பிரசாரத்தின் நடுவில்தான் ஒரு பழைய கோப்பு மறுபடியும் திறந்தது. மேரி, மின்யாக், நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் சொந்த வீட்டுக்காகக் காத்திருக்கின்றன. தோட்டம் கைமாறியது, வேலை போனது, லயம் மட்டும் மிச்சம். கூரை ஒழுகும், மின்சாரம் தண்ணீர்ப் பிரச்சினை, ஆனாலும் போக வேறு இடமில்லை. அவர்களில் 245 குடும்பங்களுக்கு வீடு கட்டித் தரும் திட்டத்தை வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு அப்போது அறிவித்தது. தேர்தல் காலத்தில் ஏன் இந்த அறிவிப்பு என்று விமர்சித்தவர்கள் இருந்தார்கள். எந்தக் காலத்தில் வந்தாலும் வரட்டும் என்றவர்களும் இருந்தார்கள். லயத்தில் குடியிருப்பவர்கள் எந்தப் பக்கம் பேசியிருப்பார்கள் என்று யூகிப்பது கடினமில்லை. ஈஜோக்கில் தார் போட்ட 2007இலிருந்து இதற்குள் பதினேழு ஆண்டுகள். அன்று அந்த லயங்களில் ஓடி விளையாடிய பிள்ளைகள் இப்போது வாக்காளர்கள். பதினெட்டு வயதானாலே பட்டியலில் தானாகப் பெயர் ஏறிவிடுகிறது. யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைகளில் ஒருவர் வேட்பாளராக நிற்க விரும்பினால், முதலில் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதற்கான பதில் மட்டும் இன்னும் மாறவில்லை.